தேத்தண்ணி கொடுத்தது மன்னிப்பு ஆகாது

அனுப்புநர்:
அரியரத்தினம் புஷ்பமலர்,
எசன், ஜெர்மனி.

பெறுநர்:
தலைமை நீதிபதி அவர்கள்,
குற்றவியல் பிரிவு, மாநில நீதிமன்றம்.

விடயம்: யூட்சன் என்பவரின் தண்டனையைக் குறைக்காதிருத்தல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் பேரப்பிள்ளைகள் அப்படியில்லை. மூத்தவன் சாருஜன் ஹம்பேர்க் துறைமுகத்தில் பொறியியலாளர். அஜிதா மருத்துவம் முடித்துவிட்டாள். இளையவள் ஆதிரை மூக்குக்கண்ணாடிக் கடையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்புப் படித்து, வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

2. நண்பனோடு கார்ப் பந்தயம் ஓடி, சிவப்பு விளக்கிலும் நிறுத்தாமல், சைக்கிளில் போன ஆதிரையை இடித்தவர் இந்த யூட்சன். தங்கள் நீதிமன்றம் நான்கு வருடச் சிறை விதித்தது. அவர் மேன்முறையீடு செய்தார். கார்ல்ஸ்றூவேயிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவர் குற்றவாளிதான் என்று உறுதிசெய்துவிட்டது. ஆனால் எங்கள் குடும்பம் அவரை மன்னித்ததா என்று விசாரித்து, தண்டனையை மட்டும் புதிதாகத் தீர்மானிக்கும்படி தங்களிடம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

3. மன்னித்ததற்கு அத்தாட்சியாக அவருடைய வழக்கறிஞர் காட்டுவது நான் கொடுத்த தேத்தண்ணியை. ஓம், கொடுத்தேன். வழக்குக்கு முன் யூட்சன் தன் தாயாரையும் கூட்டிவந்து என் காலில் விழுந்தார். வாசல் ஏறி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப எங்களுக்கு ஏலாது. ஆதிரை அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரவேயில்லை. அவரோ, "அம்மா, இன்னும் கொஞ்சம் சீனி போடுங்கோ" என்று கேட்டுக் குடித்தார். போட்டேன். அந்தச் சீனிக்காக ஒரு நாள்கூடக் கழிக்கக்கூடாது.

4. இதை ஜெர்மன் மொழியில் எழுதித்தரும் சாருஜன், "அம்மம்மா, கொஞ்சம் தணிச்சு எழுதுவமே" என்றான். ஒரு சொல்லும் தணிக்க விடவில்லை. நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்ததுபோல அவருடைய தாயார் சிறை வாசலில் காத்திருக்கட்டும். இப்படி நினைப்பது பாவம் என்று கோவில் ஐயர் சொன்னார். பாவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

5. ஆகவே என்னைச் சாட்சியாக அழைத்து, அவர் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல அனுமதிக்கும்படியும், நான்கு வருடத்தையும் அப்படியே விதிக்கும்படியும் பணிவாகக் கேட்கிறேன். இத்துடன் ஆதிரையின் படம் உள்ளது. கையில் சான்றிதழுடன், செயற்கைக் கால் தெரியக் குட்டைப் பாவாடையில் நிற்கிறாள். அவளே தெரிந்தெடுத்த படம். இதை வழக்குக் கோவைக்குள் வைக்க வேண்டாம். யூட்சனின் சிறை அறைச் சுவரில், படுத்தால் கண்ணுக்கு நேரே ஒட்டுவிக்க வேண்டும். வருடா வருடம் புதுப்படம் அனுப்புவேன். பழையதைக் கழற்றிவிட்டு அதை ஒட்டச் சொல்லுங்கள்.

தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
அ. புஷ்பமலர்
(ஒப்பம்)

இடம்: எசன்
திகதி: 14.11.2025