ஏலக்காயும் ஈர்ப்பு விதியும்

1985 ஆகஸ்ட் 14, புதன்

இன்று ராணியக்காவை வேலையைவிட்டு நிறுத்துவதாக இருந்தேன். ஏலக்காய் மூட்டையை அவர் சிறு பொட்டலங்களாகக் கட்டினால், மொத்த எடை எப்போதும் மூட்டையைவிடக் குறைகிறது. மசாலா மில்லில் எல்லோரும் அவருடைய பையைத்தான் சந்தேகப்பட்டோம்.

மத்தியானம் மச்சான் சாப்பிட வந்தார். பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வழக்கம்போல நட்சத்திரக் கதை.

"கேலக்சி ஓரத்துல நட்சத்திரமெல்லாம் கணக்குக்கு மேல வேகமா சுத்துது. கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒளிஞ்சிருக்குன்னு முக்காவாசிப் பேரு சொல்றாங்க. ஒருத்தரு மட்டும், ஈர்ப்பு ரொம்பக் கொறைஞ்ச இடத்துல விதியே மாறுதோன்னு கேக்குறாரு. பலமா இருக்கிற எடத்துலதான நாம சோதிச்சிருக்கோம் லா."

பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். திங்கள்தோறும் தராசை நான் சோதிப்பது பத்துக் கிலோ எடைக்கல்லை வைத்துத்தான். உடனே போய் நூறு கிராம் கல்லை வைத்தேன். முள் தொண்ணூறில் நின்றது.

விதி மாறுதோ என்று கேட்ட அந்த ஒருத்தர் சொல்வது வானத்தில் நிற்குமோ என்னவோ, எங்கள் ஊர் ஜெலாப்பாங்கில், மில் தராசில் நின்றது. கர்த்தருக்கு நன்றி, மச்சானுக்கும்.

ராணியக்காவிடம் தராசைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"அப்போ இன்னிக்குப் பையைத் தொறந்து காட்டாம வீட்டுக்குப் போலாமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.