பால்கனியில் உட்கார மாட்டேன்

ஜூன் 15, ஞாயிறு

இத்தாலியில் அமால்ஃபி கடற்கரை. நல்ல வெயில். ரோட்டிலிருந்து வில்லாவுக்கு எண்பது படி இறக்கம், கையில் பெட்டிகளோடு. இங்கே எல்லாமே செங்குத்து. மேலே மலை, நடுவில் எலுமிச்சைத் தோப்பு, கீழே கடல்.

மகள் காவ்யா பிரிட்ஜில் ஒட்டிய பிளான்: திங்கள் போட். செவ்வாய் மலை நடை. புதன் பாஸ்தா கிளாஸ். வியாழன் பீச். பாஸ்தா தவிர எல்லாவற்றிலும் எனக்கு "பால்கனி, ரெஸ்ட்".

இடது மார்பை எடுத்து எட்டு மாதம். நடக்கலாம், நீந்தலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. காவ்யாவும் என் வீட்டுக்காரரும் டாக்டருக்கு மேல்.

ஜூன் 16, திங்கள்

அவர்கள் போட்டில். நான் ரசம் வைத்தேன், துணி காயப்போட்டேன். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டிலும் இதேதான். இதற்கா இவ்வளவு தூரம்?

சாயங்காலம் அவர் போனில் கடல் குகை போட்டோ காட்டினார். என்ன நீலம்! வயிறு எரிந்தது.

"நாளைக்கு நானும் வரேன்."

"மலை ஏத்தம். ஆபரேஷன் பண்ண பக்கத்துக் கை வீங்கிடும்."

"ஸ்லீவ் போட்டுக்கறேன்."

"எதுக்கு ரிஸ்க், சங்கரி?"

ஸ்லீவை எடுத்துத் தலையணைப் பக்கத்தில் வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆறரைக்கே ஷூ மாட்டி வாசலில் நின்றேன். இடது கையில் ஸ்லீவ், வீக்கம் வராமலிருக்க இறுக்கமான உறை.

பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது அவர்தான். அவர் பையையும் வலது தோளில் மாட்டிக்கொண்டேன். உச்சியில் எலுமிச்சை ஐஸ். ரெண்டு கப். கை வீங்கவில்லை.

ஜூன் 18, புதன்

பாஸ்தா கிளாஸ். பரோட்டா மாவு மாதிரிதான். காவ்யாவுடையது கஞ்சி. சிரிப்பு.

ஜூன் 19, வியாழன்

நீச்சல் சூட்டுக்குள் மார்புக்குப் பதிலாக வைக்கும் பேடு நனைந்தால் கல் மாதிரி கனக்கும். வில்லாவிலேயே விட்டுவிட்டேன். ஒரு பக்கம் தட்டை. காவ்யா பார்த்துவிட்டாள்.

"அம்மா, பீப்பிள் ஆர் கோயிங் டு ஸ்டேர்."

"பாக்கட்டும்டி. நானும் அவங்களப் பாக்கறேன்."

கூழாங்கல் கரை, கால் சுட்டது. தண்ணீர் சில்லென்று. ரேடியேஷன் முடிந்து டவுன் பூலில் மூன்று மாதம் கற்ற நீச்சல். உப்புத் தண்ணீர் தானே தூக்குகிறது. மஞ்சள் மிதவை வரை போனேன்.

கரையிலிருந்து அவர்: "சங்கரி! போதும்! திரும்பி வா!"

மிதவையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று தெரியவில்லை. துக்கம் இல்லை. பிறகு நிதானமாகத் திரும்பினேன்.

காவ்யா டவலை விரித்து ஓடி வந்தாள், என்னை மூட. வாங்கிக் கல்லின்மேல் போட்டேன். அதன்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்தாள்.

"டஸ் இட் ஹர்ட்?"

"இல்ல."

ஜூன் 20, வெள்ளி

சூட் இன்னும் ஈரம். அப்படியே போட்டுக்கொண்டேன். காலை ஏழுக்கே தண்ணீரில். திரும்பிப் பார்த்தால் கரையில் அவர், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு.

"எவ்வளவு ஆழம் இருக்கும்?"

"எனக்குக் கழுத்து வரைக்கும். உங்களுக்கு நெஞ்சு. வாங்க."