காலருக்குள் அவன் பெயர்

1958 மார்ச் 4, லியோன்
பாரிசிலிருந்து பெரிய துணிக்கடையின் ஆள் வந்திருந்தார். நாங்கள் தைத்த சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விறைப்பில்லாத காலர், டை இல்லாமலே போடலாம். யோசனை ஆர்மேலுடையது, வெட்டியது நான். பிடித்துவிட்டதாம். காலருக்குள் என்ன பெயர் தைப்பது என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன்.

"பொம்பளை பேர் போட்ட சட்டையை எந்த ஆம்பளைம்மா வாங்குவான்?"

ஆர்மேல் தூர்வே என்று எழுதிக் கொடுத்தேன். அவன் ஜனவரியிலிருந்து அல்ஜீரியப் போரில், பட்டாளத்தில். திரும்பியதும் கல்யாணம். அப்புறம் அது என் பெயரும்தானே.

மே 19
ஆர்மேலின் அம்மா பட்டன் தைக்க வந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டில் தனியாக ரேடியோச் செய்தி கேட்கப் பயமாக இருக்கிறதாம்.

1959 பிப்ரவரி 10
கிறிஸ்துமஸுக்குப் பிறகு கடிதமே இல்லை. மூன்று தையல்காரிகள் சேர்ந்திருக்கிறார்கள், வேலை தலைக்கு மேல்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவர் போட்டிருந்தது எங்கள் சட்டை. காலர் புரண்டு அவன் பெயர் வெளியே தெரிந்தது. சரிசெய்யக் கை போய்விட்டது. அந்த மனிதர் திரும்பி முறைத்தார்.

ஊர்ல இருக்கற ஆம்பளைங்க கழுத்துலெல்லாம் உன் பேரு. நீ எங்கடா இருக்க?

1960 ஏப்ரல் 12
ஆர்மேலைப் பட்டாளத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். அவன் அம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருக்கிறான். பிறகு மார்செய்க்குப் போய்விட்டான். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் அம்மா சொன்னார். இங்கிருந்து அந்த வீடு நாலு தெரு.

ஏப்ரல் 13
நாலே தெரு. ஏன் வரல?

1961 ஜூன் 11, மார்செய்
துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறான். இளைத்திருந்தான். என்னைக் கண்டு விலகவில்லை, காப்பி வாங்கிக் கொடுத்தான். அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று விசாரித்தான். இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தேன்? ஏன் வரவில்லை என்று கேட்டேவிட்டேன்.

"கப்பல்லேர்ந்து எறங்கின அன்னைக்கே இங்க ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால என் பேரைப் பாத்தேன், லுசெத். வெள்ளைச் சட்டை, அவ்வளவு சுத்தமா. அங்க நான் என்னென்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியாது. அந்தப் பேருக்கு உரிய ஆள் நான் இல்ல."

எனக்குப் பெயர் முக்கியமில்லை, ஆள்தான் வேண்டும், நாளைக்கே வேறு பெயர் வைத்துவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். உங்கிட்டயாவது அது நல்லா இருக்கட்டும்."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை. திருப்பிப் பிடிக்கவுமில்லை.

ஜூன் 12
அம்மாவிடம் நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். நம்பவில்லை. மறுபடி கேட்கவுமில்லை.

1962 அக்டோபர் 6
பாரிசில் எங்கள் சொந்தக் கடை திறந்தாயிற்று. வாசலுக்கு மேல் அவன் பெயர், பெரிய எழுத்தில். கூட்டத்தில் ஒரு பத்திரிகைக்காரர், முதலாளி முசியோ தூர்வே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"நான்தான் தூர்வே."

பத்திரிகைக்காரர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். இன்று அவன் பிறந்தநாள். காலையிலிருந்து நாங்கள் இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.