ஆணியில் மாட்டிய காற்றுவில்லை

நாள் 81. 06:00
வெண்பாறை அரைப்பு நிலையம். காற்றுக் காவல்: ராமாத்தாள்.
அரைப்பு அறைக் காற்று: 9. வரம்பு 20. ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் கோபால்ட் தூசு என்று கணக்கு. வெப்பம் 31. உறிஞ்சு விசிறி அரைவேகம். ஆட்கள் ஆறு: அரைப்பவர் நால்வர், மேலாளர் கனகரத்தினம், நான்.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் வேலையை அறிந்துகொள்ளட்டும். பொத்தான் அளவு வில்லை ஒன்று காற்றைக் குடிக்கும். அதை மூக்குக்கு ஒரு சாண் கீழே, சட்டைக் காலரில் குத்த வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து எடுத்துத் தராசில் வைத்தால் எண் வரும். அதை எழுத வேண்டியவள் நான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் எழுத்தில் அடித்தல் திருத்தல் ஒருவரும் பார்த்ததில்லை.

வில்லைகள் சட்டையில் சிக்கிக் கிழிகின்றன, சுவரில் ஆணியில் மாட்டு என்று, அரைப்பு இன்னும் தொடங்காத இருபதாம் நாள் மேலாளர் சொன்னார். அந்த ஆணிக்கு மேலேதான் சுத்தக் காற்றுக் குழாய். மூன்று நாள் கூடாது என்றேன். நான்காம் நாள் மாட்டினேன்.

13:40
அரைப்பு அறை ஒலிபெருக்கியில் மாராத்தாள். அரைப்பவர் நால்வரில் ஒருவர். என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், என் சம்பந்தி.
"ஏனுங் சம்பந்தி, இன்னிக்கும் ஒம்பதுதானுங்களா? அந்த ஆணிக்கு ஒரு சோலியும் இல்ல, நல்லா மூச்சு உடுது. என்னையும் அதுலயே மாட்டி உடுங்கொ."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

நாள் 86. 10:15
மாராத்தாளால் நாலு எட்டு நடக்க முடியவில்லை. மருத்துவ விண்படகு கேட்டேன். தரைநிலையத்தின் பதில், வந்தபடி:
"காற்று அளவு என்ன?"
மேலாளர்: "ஒம்பதுங்க. எண்பது நாளா ஒம்பதேதான்."
"ஒன்பதில் நுரையீரல் கெடாது. ஊரில் விறகடுப்புப் புகை குடித்திருப்பார். படகு இல்லை."
அவர் ஊரில் சமைத்தது மின்னடுப்பில். சொன்னேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

நாள் 88. 07:30
மாராத்தாள் இறந்தார். 06:52. கடைசியாகப் பேசியது எங்கள் பேத்தியைப் பற்றி. அவள் மூக்கு என்னைப் போல இல்லாமல் தன்னைப் போல இருப்பதற்குச் சாமிக்கு நன்றி சொன்னார்.

09:10
உடம்பைக் கழுவி உடுப்பு மாற்றினேன். வேலைச் சட்டைக் காலரின் உள்மடிப்பில் ஒரு வில்லை. என் பெட்டியிலிருந்து எடுத்து, படுத்துவிடுவதற்கு முந்தைய கடைசி வேலைநாளில் குத்தியிருக்கிறார். குத்திய நேரமும் நிறுத்திய நேரமும் அதிலேயே பதிந்திருக்கின்றன. முழு எட்டு மணி நேரம்.
தராசில் வைத்தேன்.
412.
மறுபடி வைத்தேன். 412.
ஆணியில் மாட்டியது முதல் அறுபத்தைந்து நாள் என் கையால் ஒன்பது எழுதியிருக்கிறேன். அழகாக எழுதியிருக்கிறேன்.

நாள் 89. 14:00
ஆணியில் ஒரு வில்லை தொங்குகிறது. அது மேலாளர் அறையில் அளவு காட்டும் பலகைக்கு. மற்ற நான்கும் எங்கள் காலரில். எண்கள்: 398, 405, 377. எனக்கு 61.

முகமூடிப் பெட்டியை மேலாளர் பூட்டச் சொன்ன விதம் இது: வில்லையைப் பெட்டியின் வாயில் வைத்தால் அது எண்ணைப் பார்க்கும். எட்டு மணி நேரம் ஓடிய வில்லையாக, இருபதுக்கு மேல் இருந்தால், ஒரே ஒரு முகமூடியைத் தள்ளும். முகமூடி விலை அதிகம், எண் இல்லாதவனுக்கு எதற்கு என்பார்.
நான்கு வில்லை வைத்தேன். நான்கு முகமூடி வந்தது. உள்ளே மிச்சம் ஒன்று.
இதை அன்றே செய்திருந்தால். அன்றே.

15:20
மேலாளரின் அறை குளிரும். அரைப்பு அறையின் சூட்டைத் தன் அறைக்குக் கொண்டுபோக அவரே ஒரு குழாய் போட்டிருந்தார். முப்பதாம் நாள் இருமினார். முப்பத்தொன்றாம் நாள் குழாயை அடைக்கும் மடலை மூடச் சொன்னார். காற்று ஒன்பது என்றால் எதற்கு மூட வேண்டும்? அப்போதே அவருக்குத் தெரியும்.
மடலின் கைப்பிடி தராசு அறையில் இருக்கிறது. என் பக்கம்.
திறந்தேன். விசிறி முழுவேகம். தூசு எங்காவது போகத்தானே வேண்டும்.

நாள் 97. 11:05
மேலாளர், ஒலிபெருக்கியில்:
"ராமாத்தா, ரூமு கொஞ்சம் கதகதன்னு இருக்குது, நல்லாத்தான் இருக்குது. தொண்டைதான் அரிக்குது. அளவு என்ன?"
"ஒம்பதுங்க."
"சரி."
செங்கோடன் முகமூடிக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது. அரைப்பவர் மூவரில் மூத்தவர். மடல் திறந்திருப்பது அவருக்குத் தெரியும்.

நாள் 109. 08:00
அரைப்பு அறை, செங்கோடன் காலர்: 96. விசிறி முழுவேகத்தில் ஓடினால் இவ்வளவு குறையும் என்று எனக்கு முன்பு தெரியாது. மேலாளருக்குத் தெரிந்திருக்கும்.
மேலாளர் சாப்பிட வரவில்லை. தட்டை அவர் கதவடியில் வைத்தேன். உள்ளே இழுப்புச் சத்தம். மாராத்தாளுக்கு இருந்த அதே சத்தம். சற்று நேரம் நின்று கேட்டேன்.

நாள் 118. 10:15
மேலாளர் தனக்குப் படகு கேட்டார். தரைநிலையம்:
"காற்று அளவு என்ன?"
அவர் இருமினார். பொத்தானை அழுத்தி நான் சொன்னேன்: "ஒம்பதுங்க. நூத்திப் பதினெட்டு நாளா ஒம்பதேதான்."
"ஒன்பதில் நுரையீரல் கெடாது. படகு இல்லை."
இணைப்பு போன பிறகு மேலாளர்: "அடிப்பாவி. எதுக்கு அப்படிச் சொன்னே?"
"நீங்க சொல்லிக்குடுத்ததுதானுங்களே."

நாள் 119. 09:00
"ராமாத்தா. நெச அளவு உன்கிட்ட இருக்குதா?"
"இருக்குதுங்க."
"அவங்ககிட்டச் சொல்லு, கண்ணு."
"நான் சொன்னா கேக்க மாட்டாங்க. ஆணி மாட்டுனது நீங்க. நீங்களே சொல்லுங்க."

09:20
சொன்னார். ஒலியைப் பதிந்து நிலையத்தின் நிலையான நினைவில் வைத்திருக்கிறேன், எவராலும் அழிக்க முடியாது. "வில்லைய ஆணியில மாட்டச் சொன்னது நான். நெச அளவு நானூத்திப் பன்னண்டு. மாராத்தாள் செத்தது அதனாலதான்." நடுவில் ஆறு முறை நின்று மூச்சு வாங்கினார்.
தரைநிலையம்: "படகு பதினொரு நாளில். உற்பத்தி நிற்க வேண்டாம். ஆட்கள் முகமூடி போடட்டும். வில்லை எண்ணின்படி பெட்டி வழங்கும்."

09:30
"எனக்கு முகமூடி?"
"உங்க வில்லை எங்கீங்க?"
அலுவலக ஆளுக்கு வில்லை தேவையில்லை என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டவர். பெட்டிக்கு அவருடைய எண் தெரியாது.
"பெட்டிய ஒடையேன்."
"ஒடைக்க வர்ற மாதிரியா நீங்க செய்யச் சொன்னீங்க?"

நாள் 120. 06:00
அறைக்குள் போனேன். மேசை மேல் சாம்பல் நிறப் படலம். விரலால் மாராத்தாள் பெயரை எழுதலாம். எழுதினேன்.
அவர் காலரில் வில்லை குத்தினேன். மூக்குக்கு ஒரு சாண் கீழே. சரியான இடத்தில். தொடக்கம் 06:00.
என் கையைப் பிடித்தார். மடலைத் திறந்தது நான்தான் என்று சொன்னேன். தெரியும் என்பதுபோலக் கண்ணை மூடினார். மூடுகிறாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதுவரை...

08:10
மூச்சு நிமிடத்துக்கு 38.

10:30
44. உதடு நீலம். செங்கோடன் தராசு அறைக்கு வந்து கைப்பிடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலைக்குத் திரும்பிவிட்டார்.

12:45
எண்ணவில்லை.

14:00
வில்லையை எடுத்தேன். முழு எட்டு மணி நேரம். தராசு: 431. அடித்தல் திருத்தல் இல்லை.
பெட்டியின் வாயில் வைத்தேன். முகமூடி வந்தது. புதியது.
போட்டுக்கொள்ள ஆள் இல்லை.
ஆணியில் மாட்டினேன்.