உரிமையாளர் கையெழுத்து

ஜூன் 4

உங்களுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் பூனை சில்லறை மூன்றாவது முறையாகக் குட்டி போட்டிருக்கிறது. நீங்கள் விட்டுப்போன நீலச் சட்டையின் மேல், நான்கு. தையற்கூடத்தில் என்னைக் கண்டாலே, "அக்கா, பூனைக்குட்டின்னா வேணாம்" என்று நழுவுகிறார்கள். போன முறை பிறந்ததில் இரண்டு வண்டியில் அடிபட்டன. சில்லறையைத் தடவினால் கையில் எலும்புதான் தட்டுகிறது.

கால்நடை மருத்துவமனையில் குறைந்த செலவில் கருத்தடை செய்கிறார்கள். என் ஒருநாள் கூலிக்குள் முடிந்துவிடும். தடுப்பூசி அட்டை உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டுமாம். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

ஜூன் 17

அன்புள்ள குட்டிமா,

துறைமுகத்தில் மழை. கிரேன் நிற்கிறது, நானும் சும்மா இருக்கிறேன். படிவம் எங்கேயோ வைத்துவிட்டேன். ஏன் அவசரம்? பாவம், அதுவாவது தாயாக இருந்துவிட்டுப் போகட்டுமே. வீட்டில் ஏதாவது ஒரு குட்டிச் சத்தம் கேட்கட்டும்.

உன் நான்

ஜூலை 1

உங்களுக்கு,

'அதுவாவது' என்று எழுதியிருந்தீர்கள். கோபம் வரவில்லை, எதுவுமே வரவில்லை. எட்டாம் மாதத்தில் நம் பிள்ளை போனபோது நீங்கள் துறைமுகத்தில் இருந்தீர்கள். துணியில் சுற்றித் தந்ததைக் கைநீட்டி வாங்கியவள் நான். இப்போது குழி தோண்டுகிறவளும் நான்தான். நேற்று இரண்டு குட்டிகள் போயின. சில்லறைக்குப் பால் இல்லை.

"பால் குடுக்கும்போதே மறுபடி சினை பிடிச்சிடும்மா. ஆபரேஷன் பண்ணிட்டா அலையாது, கர்ப்பப்பையில சீழ் வைக்காது, உடம்பு தேறும்" என்றார் டாக்டர். இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். இதையாவது எனக்காகச் செய்யுங்கள்.

உங்கள் மனைவி

ஆகஸ்ட் 10

உங்களுக்கு,

படிவம் மட்டும் வந்தது. கடிதம் இருக்குமோ என்று உறையை இரண்டு தடவை உதறினேன். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அடித்து, என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். "இனிமே அவரைக் கேக்க வேணாம்க்கா, அட்டையை உங்க பேர்ல மாத்திட்டேன்" என்றாள் மருத்துவமனையில் இருந்த பெண். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சாயங்காலமே சாப்பிட்டது. மீதி இரண்டு குட்டிகளில் ஒன்றை இஸ்திரிக்காரர் எடுத்துக்கொண்டார். வளர்ந்ததும் அதற்கும் செய்துவிடுவாராம்.

உங்களுடையது என்று இந்த வீட்டில் இனி அந்தச் சட்டைதான். சில்லறை அதன் மேல் தூங்குகிறது. எழுந்ததும் துவைத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சில்லறையின் உரிமையாளர்