நின்றுபோனால் செருப்பால் அடிக்க வேண்டிய கார்

அக்டோபர் 7, செவ்வாய்

இதை எடுத்தவர் யாராக இருந்தாலும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவாக இருந்தால், அம்மா, இத்தோடு மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அப்பாவாக இருந்தால் — இல்லை, அப்பாவாக இருக்கக் கூடாது.

அப்பாவுக்கு மறுபடியும் குவைத் விசா வந்துவிட்டது. சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்கிறாராம். திங்கட்கிழமை லாரியோடு வருகிறாராம்.

"இந்த சனி ஞாயிறு திருச்சிலேருந்து ஒரு ஜோடி வாடகைக்கு எடுக்குறாங்க. அவங்க நல்லபடியா போய்ட்டு வந்து, இன்னும் நாலு பேரு கேட்டா இங்கிட்டே இருந்துர்றேன். இல்லைன்னா வண்டியக் குடுத்துட்டு ப்ளேன் ஏறிர்றேன்."

"இந்தக் கெழட்டுக் கார எவன் ரெண்டாந்தடவ கேப்பான்?" என்று அம்மா சொன்னார். அம்மாவும் அப்பா போகக் கூடாது என்றுதான் நினைக்கிறார். ஆனால் வாய் அப்படி.

அக்டோபர் 8

தூக்கம் வரவில்லை. எனக்குப் பதின்மூன்று வயதாகும்வரை அப்பா என்றால் வெள்ளிக்கிழமை மட்டும் போனில் பேசுகிறவர். வந்த புதிதில் அவர் முன்னால் சாப்பிடவே கூச்சமாக இருந்தது. கையில் இருந்ததைப் போட்டு ஊட்டியில் ஒரு எஸ்டேட் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இந்தக் காரை வாங்கி வந்தார். இங்கிலாந்தில் ஐம்பதுகளில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. ஊரே சிரித்தது. ரெண்டு வருஷம் உட்கார்ந்து சரிசெய்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்துத்தான் நான் அவரோடு பேசப் பழகினேன்.

எங்கள் கொட்டகைத் தகரம் காற்றில் போய்விட்டதால் கார் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. ராத்திரி மழை வந்தால் என் கதவில் ரெண்டு தட்டு. "ஷெரின், எந்திரி, தார்ப்பாயப் பிடிக்கணும்." ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் போர்த்துவோம். நனைந்துகொண்டே சிரிப்போம்.

குவைத்துக்குப் போனால் யார் தட்டுவார்கள்?

அக்டோபர் 10, வெள்ளி

காருக்கு ஒரு சீக்கு இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் சிக்கிக்கொள்ளும். ரெண்டு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். அப்பா யாரும் பார்க்காதபோது மரக்கட்டையால் பூப்போலத் தட்டுவார்.

"அவங்ககிட்ட சொல்லிருங்கப்பா" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, எம் பொண்ணு தூக்கத்துல நடப்பான்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ரெண்டு மாசமா நல்லாத்தான் ஓடுது. வாயத் தொறந்த, தெரியும்."

நடு ரோட்டில் நின்றால்? தெரியாத ஊரில் இருட்டில் நின்றால்? அதோடு எல்லாம் முடிந்தது. அப்பாவும் போய்விடுவார்.

அக்டோபர் 11, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் வந்தார்கள். வசந்தகுமார் சாரும் சுகுணா ஆன்ட்டியும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாம். கோட்டைப்பட்டினம் போய்க் கடல் பார்த்துவிட்டு, ராத்திரி அறந்தாங்கியில் தங்கி, நாளை சாயங்காலம் திரும்புகிறார்கள்.

"நானெல்லாம் அம்பாசடரையே ஒத்தக் கையில ஓட்டுனவன்" என்றார் சார்.

"ஆமா. போன வாரம் ஸ்கூட்டியக் கேட்டுல விட்டாரு, அது ரெண்டு கையில" என்றார் ஆன்ட்டி.

அப்பா கியர், பிரேக், லைட்டு எல்லாம் காட்டினார். ஆவூர் மாதா கோயிலில் சாமியார் மந்திரித்துக் கொடுத்து, காரில் தொங்கும் சிலுவையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார். பம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆன்ட்டி கை கழுவப் பின்பக்கம் வந்தபோது மூச்சு விடாமல் சொன்னேன். "ஆன்ட்டி, கார் நின்னா பயப்படாதீங்க. சீட்டுக்குப் பின்னாடி பலகையத் தூக்குங்க, உருண்டையா ஒண்ணு இருக்கும். கட்ட இல்லைன்னா செருப்பக் கழட்டி ரெண்டு போடு போடுங்க."

"யார, இவரையா?" என்று சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, "சரிடா" என்றார்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஏழரைக்கும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அப்பா விராலிமலை ரோடு வரைக்கும் போய்ப் போய் வந்தார். மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு ஹாரன் சத்தம். ஆன்ட்டிதான் ஓட்டி வந்தார்! தலையெல்லாம் காற்றில் கலைந்து, முகமெல்லாம் புழுதி. இறங்கும்போதே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"லியோன், கோட்டைப்பட்டினத்துல மீன் ஏலம் நடக்குற எடத்துல நடுவுல நின்னு போச்சு. இவரு போனத் தேடுறாரு. நான் செருப்பக் கழட்டி ஒண்ணு விட்டேன். ஒரு மீன்காரம்மா சொல்லுது, 'இன்னொண்ணு போடும்மா, ஒம் புருஷன்னு நெனச்சுக்க'ன்னு. போட்டேன், ஓடிருச்சு! சந்தையே கைதட்டுச்சு!"

"அதுலேருந்து ஸ்டீயரிங்க என்கிட்டத் தரவே இல்ல" என்றார் சார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். யாரோ எடுத்த வீடியோவைத் தன் காலேஜ் தோழிகள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாராம் ஆன்ட்டி.

அப்பா சிரிக்கவில்லை. "செருப்பால அடிக்கச் சொன்னது யாரு?"

ஆன்ட்டி என்னைப் பார்த்துவிட்டார்.

அக்டோபர் 13

கோயம்புத்தூர்க்காரரிடம் அப்பா போனில் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னார். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை. "சாமியார் மந்திரிச்ச வண்டி, ஷெரின்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அக்டோபர் 15

ராத்திரி மழை. தார்ப்பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது. தனியாகவே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னை எழுப்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் பறக்கிறது. போகலாமா? போய் நின்று, வேண்டாம் போ என்றுவிட்டால்?

போகவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா காருக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

"மதுரைலேருந்தா? தாராளமா எடுத்துக்கங்க, மேடம். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிர்றேன். இது வயசான வண்டி, அங்கங்க நிக்கும். ஆமா, வீடியோல பாத்தீங்கள்ல, அதேதான். ஹீல்ஸ் வேணாம், தட்டைச் செருப்பாப் போட்டுட்டு வாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கே கேட்டது. அப்பாவும் சிரித்தார். திரும்பி என்னைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிக்கொண்டு டயரை உதைத்துப் பார்ப்பதுபோல நடித்தார்.

அந்த வீடியோவைப் பார்த்துக் கேட்டவர்களில் இது நாலாவது ஆள் என்று அம்மா சொன்னார். விசாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஆனால் குவைத்துக்கு என்று இறக்கிய பெட்டியை மறுபடி பரண்மேல் ஏற்றியிருக்கிறார்கள், பார்த்தேன்.

ஜன்னலுக்கு மேலே இருக்கும் தகரத்தில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. மழைதான். அப்பா எழுந்துவிட்டார், செருப்புச் சத்தம் கேட்கிறது. இன்றைக்கும் தனியாகத்தான் கட்டப் போகிறாரா? என் அறை தாண்டித்தான் போக வேண்டும், நின்றுவிட்ட மாதிரி

தட்டுகிறார். ரெண்டு த