பச்சைக் கண்ணாடி யன்னல்

மார்ச் 14, வெள்ளி

வேலையில ஒருத்தருக்குப் பிரியாவிடை எண்டு சிட்னி சிற்றிக்குள்ள ஒரு பழைய பப்புக்குப் போனனாங்கள். பாத்ரூம் தேடி மாடிக்கு ஏறினன். முந்தி துறைமுக வேலையாக்கள் வாடகைக்கு இருந்த மாடியாம். முன்னால பச்சைக் கண்ணாடி யன்னல், நடுவில கறுப்பு அன்னம் கீறியிருந்தது. எங்கட ஹோலில தொங்கிற அப்பா அம்மாவின்ர கலியாணப் படத்தில பின்னால தெரியிற அதே யன்னல்!

உடனே அம்மாவுக்குப் போன் எடுத்தன். அந்த யன்னலைப் பற்றிக் கேட்டன்.

"ஓம் பிள்ளை. அப்ப இஞ்ச கோயில் எங்க? அப்பா அந்த மாடியிலதான் இருந்தவர், அங்கயே கலியாணத்தை வச்சம். மேளகாரரும் இல்லை. கீழ பப்பில ரீவியில மட்ச் பாத்த வெள்ளையள் கத்தேக்க, இதுதான் கெட்டிமேளம், தாலியைக் கட்டுங்கோ எண்டார் ஐயர். ஊரில கேட்டவைக்கு மண்டபம் எண்டுதான் சொன்னனாங்கள்."

எனக்குச் சிரிப்பு வரேல்லை. தங்கச்சியின்ர ரிசப்ஷனில பார் இருக்குது எண்டு அப்பா உள்ள வரவேயில்லை. "குடிக்கிற இடத்தில என்ர கால் படாது" எண்டு கார் பார்க்கிலயே இருந்தவர். தங்கச்சி இப்பவும் அவரோட கதைக்கிறதில்லை.

"தங்கச்சியின்ர ரிசப்ஷன் அண்டைக்கு அவரைக் கூப்பிடப் போனனான்" எண்டு அம்மா சொன்னா. "உள்ள ஆக்கள் கத்தின சத்தம், எங்கட அந்தக் கெட்டிமேளம் மாதிரியே, கார் வரைக்கும் கேட்டது. மனுசன் அழுதுகொண்டிருந்தவர்."

கோபத்தில இருக்கிறார் எண்டு பிள்ளையள் நாங்கள் ஒருத்தரும் கிட்டப் போகேல்லை.